குளியலறை வாசலில் நிற்கும் சக்கர நாற்காலி

நம் வீடுகளில் குளியலறைக்கு வைக்கும் கதவு பெரும்பாலும் இரண்டரை அடிதான். நிலைச்சட்டம் பக்கத்துக்கு இரண்டரை அங்குலம் எடுத்துக்கொண்டால் மிஞ்சும் வழி 25 அங்குலம். சாதாரணச் சக்கர நாற்காலியின் மொத்த அகலமும் ஏறக்குறைய அவ்வளவே. நாற்காலி எப்படியோ நுழைந்தாலும், சக்கரத்தைத் தள்ளும் கையின் விரல்முட்டி சட்டத்தில் உரசித் தோல் உரியும். அங்கிருந்து வேறொருவர் தூக்கிவிட வேண்டும். தற்சார்பு வாழ்வு பற்றிய விவாதத்தை இந்த வாசலிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் வாதம்.

எங்கே, யாருடன் வாழ்வது என்பதை மாற்றுத்திறனாளிகளே தீர்மானிக்கலாம் என்கிறது 2006-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 19-ஆம் உறுப்பு. இந்தியா 2007-இல் அதை ஏற்றது. ஆனால் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், கட்டடம் என்று வரும்போது நிறுவனங்களையும் பொதுக் கட்டடங்களையுமே கட்டுப்படுத்துகிறது. குடியிருக்கும் வீட்டை விட்டுவிடுகிறது. வங்கியில் சாய்தளம் கேட்க வழியுண்டு. வங்கிக்குக் கிளம்புமுன் குளிக்க வேண்டுமே, அதற்கு வழி?

‘வீட்டில்தான் ஆள் இருக்கிறார்களே’ என்பது வழக்கமான பதில். அந்த ஆள் பெரும்பாலும் மனைவி, தாய் அல்லது மருமகள். ஒவ்வொரு முறையும் அவர்களைக் கூப்பிடக் கூசி, தாகம் இருந்தும் தண்ணீரைக் குறைத்துக்கொள்பவர்கள் உண்டு. சுவரில் ஒரு கைப்பிடி செய்யவேண்டிய வேலையை உறவின் மேல் ஏற்றிவிட்டு அதைப் பாசம் என்கிறோம்.

ஜப்பானிய வீடுகளிலும் உயரமான வாசல் தளம், குந்தி உட்காரும் கழிப்பறை என்று நம்முடையதைப் போன்ற தடைகள் இருந்தன. 2000-இல் அங்கே தொடங்கிய நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு, வீட்டைத் திருத்த 2 லட்சம் யென் வரையிலான செலவில் பெரும்பங்கை ஏற்கிறது. கைப்பிடி, தள உயர வேறுபாட்டை நீக்குதல், வழுக்காத தரை, நகர்த்தும் கதவு, உட்காரும் கழிப்பறை ஆகியவற்றுக்கு இது கிடைக்கும். வீட்டைத் திருத்துவதும் பராமரிப்பே என்று அரசு ஒப்புக்கொண்டதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

வீட்டு வாசலின் சிக்கல் தெருவிலும் இருக்கிறது. சாய்தளத்தில் ஓரடி ஏற 12 அடி நீளம் வேண்டும் என்பது விதி. பழைய சாலையைச் சுரண்டாமல் மேலேயே தார் போட்டுக்கொண்டு போனால், மழைநீருக்குப் பயந்து மக்கள் வீட்டுத் தளத்தை உயர்த்துகிறார்கள். இரண்டடி உயர்த்திய வீட்டுக்கு 24 அடிச் சாய்தளம் தேவை. தெருவை ஒட்டிக் கட்டிய வீட்டில் அதற்கு இடம் ஏது?

பழைய வீட்டை இடித்துத் திருத்துவது செலவு பிடிக்கும் வேலை. அரசு உதவியோடு கட்டும் புது வீடுகளுக்கு அந்தச் சாக்கு இல்லை. தமிழ்நாடு அரசின் ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தில் வீட்டின் பரப்பு 360 சதுர அடி. அந்த அளவுக்குள்ளும் குளியலறைக்கு மூன்றடிக் கதவு வைக்கலாம். உள்ளே விழுந்தவரின் உடலே கதவை அடைத்துவிடாதபடி அதை வெளிப்புறமாகத் திறக்கச் செய்யலாம். கழிப்பறைப் பக்கச் சுவரை, பிற்பாடு கைப்பிடி பொருத்தினால் ஒருவரின் முழு எடையையும் தாங்கும்படி, ஒன்பது அங்குலத் தடிமனில் எழுப்பலாம். இவற்றை வரைபடத்திலேயே குறித்துவிட வேண்டும். ஓடு பதித்த பிறகு சுவரை உடைத்துத்தான் செய்ய முடியும்.