ஆய்வுகூடமும் முதலீடும்: ஹேர்மன் ஹவுசரின் வரலாறு

அறிவை ஆக்குபவர் ஒருவர். அதன் பயனுக்கு உடைமையாளர் ஆகுபவர் வேறொருவர். கைத்தொழில் வரலாறு பலமுறை காட்டிய இவ்வுண்மைக்கு ஹேர்மன் ஹவுசரின் வாழ்க்கையும் சான்றாகும்.

1948இல் வியன்னாவிற் பிறந்த ஹவுசர், கேம்பிரிட்ஜ் கவென்டிஷ் ஆய்வுகூடத்திற் பௌதிகவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1978இல் கிறிஸ் கறியுடன் இணைந்து ஏகோர்ன் கணனி நிறுவனத்தை அமைத்தார். பி.பி.சி.யின் கல்வித் திட்டத்திற்காக அந்நிறுவனம் 1981இல் வெளியிட்ட கணனி, பிரித்தானியாவின் பெரும்பாலான பாடசாலைகளில் இடம்பெற்றது. எனினும், 1984இன் இறுதியில் விற்பனை வீழ்ந்தது. மறு ஆண்டில் இத்தாலியின் ஒலிவெட்டி நிறுவனம் ஏகோர்னைத் தன்வசப்படுத்தியது. அதே ஆண்டிலேயே, ஏகோர்னின் சோபி வில்சனும் ஸ்டீவ் பேர்பரும் வடிவமைத்த ஏ.ஆர்.எம். நுண்செயலி முதன்முதலாக இயங்கியது. இன்று உலகின் கைத்தொலைபேசிகளை இயக்குவது அதன் வழித்தோன்றலே.

மூலதனமின்றி அறிவு நிலைக்காது என்பதைப் பட்டறிந்த ஹவுசர், 1997இல் வேறு இருவருடன் அமேடியஸ் முதலீட்டு நிறுவனத்தைத் தொடக்கினார். அது மூலதனமிட்ட நிறுவனங்களுள் ஒன்று, மரபணுத் தொடரைக் கண்டறியும் முறையை வகுத்த சொலெக்சா ஆகும். 2007இல் அதுவும் அமெரிக்க நிறுவனமொன்றின் கைக்கு மாறியது.

2016இல் யப்பானின் சொப்ட்பாங்க் நிறுவனம் 2,400 கோடி பவுணுக்கு ஏ.ஆர்.எம்.மை வாங்கியபோது, ஹவுசர் வெளிப்படையாகவே வருந்தினார். ஆயின், வளர்த்ததை விற்று இலாபம் ஈட்டுவதே அவர் பின்னர் மேற்கொண்ட தொழிலின் நியதி. விஞ்ஞானியின் வருத்தத்திற்கும் முதலீட்டாளனின் நியதிக்கும் இடைப்பட்ட இம்முரண்பாடு ஒரு மனிதருக்கு மட்டும் உரியதன்று; அறிவைப் பெருக்கியும் அதன் உடைமையைக் காக்க இயலாத நாடுகள் அனைத்திற்கும் உரியது.