செவிமடுத்தோர் வரலாறு

பனமலை என்றவுடன் நம் வாசகர் நினைவில் எழுவது தாளகிரீசுவரர் கோயிலின் உமையன்னை ஓவியமே. இராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த அக்கோயிலின் வண்ணங்கள் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டன. அவள் மட்டும் ஒரு காலை மடித்து, தலை சாய்த்து நிற்கிறாள். ஆனால் இம்முறை நாம் எழுதப் புகுந்தது அவளைப் பற்றியன்று. அக்குன்றைச் சுற்றிய சிற்றூர்களிலிருந்து விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் பேருந்தேறிக் கல்லூரி செல்லும் பிள்ளைகளைப் பற்றி.

தம் வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகிறவருக்கு ஒரு தனித்துயர் உண்டு. அரியர் விழுந்ததை அம்மாவிடம் சொல்வதற்கு முன், அரியர் என்றால் என்னவென்று அவருக்கு விளக்க வேண்டும். கைபேசியில் இருக்கும் செயற்கை நுண்ணறிவுக்கோ எதையும் விளக்க வேண்டியதில்லை. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினாலும் புரிந்துகொள்கிறது, நள்ளிரவிலும் சலிப்பதில்லை. மனத்தை அதனிடம் திறப்பவரை நாம் எள்ளி நகையாட முடியுமா?

இப்பழக்கம் புதிதுமன்று. 1966-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜோசப் வைசன்பாம், எலைசா என்ற நிரலைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். தட்டியவர் சொன்ன சொற்களையே கேள்வியாகத் திருப்பித் தருவதுதான் அதன் வித்தை. அம்மாவைப் பற்றிச் சொன்னால், குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுமாறு கேட்கும். அதற்குப் பொருள் எதுவும் விளங்காது. அந்நிரல் உருவானதை அருகிலிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனுடன் தனியே பேச வேண்டும், சற்று வெளியே செல்லுங்கள் என்று அவரைக் கேட்டுக்கொண்டாராம். அதிர்ந்துபோன வைசன்பாம், 1976-இல் தம் நூலில் இந்நிகழ்ச்சியைப் பதிந்தார். கணினியிடம் ஒப்படைக்கத் தகாத பணிகள் உண்டு என்பது அந்நூலின் வாதம்.

செவிமடுத்தலுக்கு மற்றொரு மரபும் உண்டு. 1953-இல் சாட் வாரா என்ற பாதிரியார் இலண்டனில் சமாரிட்டன்ஸ் அமைப்பைத் தொடங்கினார். அதே நோக்கில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் ஸ்நேகாவை நிறுவினார். அங்குத் தொலைபேசியை எடுப்பவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். அறிவுரை கூறாமல், இடைமறிக்காமல் கேட்பதே அவர்தம் பணி. வெளித்தோற்றத்தில் எலைசா செய்ததும் இதுதானே என்று யாரேனும் கேட்கலாம். நியாயமான கேள்வி.

வேறுபாட்டைத் தேர்வு முடிவுக் காலம் காட்டியது. பிளஸ் டூவில் ஒரு பாடத்தில் தவறினாலும் ஓராண்டே வீணாகும் என்ற நிலை அன்றிருந்தது. முடிவு வெளியாகும் நாள்களில் அத்துயரைத் திரும்பத் திரும்பக் கேட்ட ஸ்நேகாவினர், கேட்டதோடு நிற்கவில்லை. அரசிடம் எடுத்துச் சென்றனர். 2000-களின் தொடக்கத்தில் தமிழகத்தில் உடனடித் துணைத்தேர்வு வந்தது. தவறியவர் அதே ஆண்டில் கல்லூரியில் சேர வழி பிறந்தது. தனித்தனி அறைகளில் அழுத பிள்ளைகளின் சொற்கள், கேட்டவர்கள் வழியே ஒரு விதியை மாற்றின. நம் மாநிலக் கல்வி வரலாற்றில் இதற்குரிய இடத்தை நாம் இன்னும் தரவில்லை என்றே கருதுகிறோம்.

இவ்விரு மரபுகளும் 2022-இல் ஏறக்குறைய ஒருசேர நம் பிள்ளைகளின் கைபேசிக்கு வந்தன. அவ்வாண்டு அக்டோபர் 10-இல் நடுவண் அரசின் டெலி மானஸ் உதவி எண் தொடங்கப்பட்டது. ஐம்பத்தொரு நாள் கழித்து, நவம்பர் 30-இல், சாட்ஜிபிடி வெளியாயிற்று. அதே ஆண்டில் நாடெங்கும் 13,044 மாணவர்கள் தம்முயிரை மாய்த்துக்கொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிந்துள்ளது. எது வீட்டுக்கு வீடு பரவியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

2025 அக்டோபரில் ஓப்பன்ஏஐ நிறுவனமே ஒரு கணக்கை வெளியிட்டது. வாரந்தோறும் தன் பயனர்களுள் 0.15 விழுக்காட்டினரின் உரையாடலில் தற்கொலைத் திட்டமோ எண்ணமோ வெளிப்படையாகத் தென்படுகிறதாம். வாரப் பயனர் எண்பது கோடிக்கு மேல் என்று அந்நிறுவனம் அப்போது கூறியிருந்தது. அவ்வாறாயின் ஏறத்தாழ பன்னிரண்டு இலட்சம் பேர். அவர்களுள் விழுப்புரத்துப் பிள்ளைகள் எத்தனை பேர், எந்தத் தாள் அவர்களை வாட்டுகிறது, எந்த விடுதியில் உறக்கம் கெடுகிறது என்பவை அவ்வவ்வூர்க் கல்லூரி முதல்வர் மேசைக்கு வருவதில்லை. டெலி மானஸின் எண் 14416. கட்டணமில்லை, இரவிலும் தமிழில் பேசலாம்.