கட்டைக்கூத்து குருகுலம்

கட்டைக்கூத்து குருகுலம் (2002–2020), காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் இயங்கிய உறைவிடக் கலைப்பள்ளி. கூத்துக் கலைஞர்களின் அமைப்பான கட்டைக்கூத்துச் சங்கம் இதை நடத்தியது. கூத்து நடிகரும் ஆசிரியருமான பி. ராஜகோபாலும், நாடக ஆய்வாளர் ஹன்னே டி ப்ரூயினும் இதை உருவாக்கினர். சிறுவர்களும் சிறுமிகளும் இங்கே தங்கி, பள்ளிப் பாடங்களையும் கூத்தையும் சேர்த்துக் கற்றனர். கூத்துக்குப் போனால் படிப்பு நின்றுவிடும், படிக்கப் போனால் கூத்து கைவிட்டுப் போகும் என்ற நிலை தொண்டை மண்டலத்துக் கூத்துக் குடும்பங்களில் இருந்தது. அதற்குக் கூத்துக்காரர்களே கண்ட மாற்று இந்தக் குருகுலம்.

நிலமும் கூத்தும்

காஞ்சிபுரம், செங்கல்பட்டு, மாமல்லபுரம் ஆகிய மூன்று ஊர்களும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. அம்மாவட்டம் 1997-ல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்தது. 2019-ல் காஞ்சிபுரத்திலிருந்து இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் பிரிக்கப்பட்டது. இப்பகுதியிலும் இதையொட்டிய வட ஆற்காடு, தென் ஆற்காடு பகுதிகளிலும் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரத விழா நடைபெறுகிறது. பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நிகழும். துரியோதனன் படுகளமும் தீமிதியும் விழாவின் நிறைவுச் சடங்குகள்.

இவ்விழாக் கூத்துகளில் ஒன்று அர்ஜுனன் தபசு. அர்ஜுனன் வேடம் கட்டியவர் நட்டுவைத்த தபசு மரத்தின்மீது பாடிக்கொண்டே ஏறுவார். குழந்தை வரம் வேண்டும் பெண்கள் கீழே காத்திருப்பார்கள். மாமல்லபுரத்தில் பல்லவர் காலத்தில் செதுக்கப்பட்ட பெரும்பாறைப் புடைப்புச் சிற்பம் அர்ஜுனன் தபசு என்றே அழைக்கப்படுகிறது. பகீரதன் தவம் என்று அதை விளக்குவோரும் உண்டு.

பரவலாகத் தெருக்கூத்து எனப்படும் இக்கலையைச் சங்கத்தினர் கட்டைக்கூத்து என்றே குறிப்பிடுகின்றனர். அரசர், வீரர் வேடங்களுக்கு அணியும் கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் ஆகியவை எடை குறைந்த மரத்தால் ஆனவை. கண்ணாடித் துண்டுகளும் வண்ணத் தாள்களும் ஒட்டப்பட்ட இந்த மர அணிகளுக்குக் 'கட்டை' என்று பெயர். தெருவில் ஆடுவது என்ற பொருளில் இகழ்ச்சியாகவும் ஒலிக்கக்கூடிய பெயரை விடுத்து, கலையின் அணியைக் கொண்டு தம்மை அழைத்துக்கொள்வது அவர்களின் நிலைப்பாடு.

பழைய பயிற்சி முறை

கூத்துக்குத் தனிப்பள்ளி இருந்ததில்லை. குழுவே பள்ளி. பத்து வயதை ஒட்டிய பையன் தந்தையுடனோ மாமனுடனோ குழுவில் சேர்வான். பெட்டி தூக்குவது, திரை பிடிப்பது, பின்பாட்டுப் பாடுவது எனத் தொடங்கிச் சிறு வேடங்களுக்கு வருவான். குரல் உடைந்து தேறி, உடல் உரமேறிய பிறகே கட்டை வேடம் கிடைக்கும். இரவு பத்து மணியளவில் தொடங்கும் ஆட்டம் விடியும்வரை நீளும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் ஊர்க்கோடி வரை கேட்கும்படி பாட வேண்டும். மரக் கட்டைகளைச் சுமந்துகொண்டே சுழன்றாட வேண்டும். இந்தக் குரலும் உடலும் சிறு வயதில் பழகினால்தான் வரும் என்பது கூத்துக்காரர்களின் அனுபவ அறிவு.

இரவெல்லாம் விழித்த பையன் பகலில் பள்ளி செல்ல முடியாது. ஒரு பருவத்தில் பல ஊர்களுக்குக் குழு சென்றுகொண்டிருக்கும். எனவே கூத்துக்கு வந்தவர்களின் கல்வி தொடக்கப்பள்ளியோடு நிற்பது வழக்கமாக இருந்தது. மறுபுறம் 1950-களுக்குப் பின் கிராமங்கள்தோறும் பள்ளிகள் பெருகின. மதிய உணவுத் திட்டமும் 1982-ல் தொடங்கிய சத்துணவுத் திட்டமும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளைப் பள்ளியில் தக்கவைத்தன. 2010-ல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான கல்வியைக் கட்டாயமாக்கியது. கூத்து கேட்ட வயதும் பள்ளி கேட்ட வயதும் ஒன்றாகவே இருந்தன.

இதே மாவட்டத்தின் கடற்கரையில் வேறொரு மரபுக்கலை இச்சிக்கலை வேறுவகையில் கடந்தது. 1957-ல் அரசு மாமல்லபுரத்தில் சிற்பப் பயிற்சி மையத்தைத் தொடங்கியது. வைத்தியநாத ஸ்தபதியும் பின்னர் அவர் மகன் கணபதி ஸ்தபதியும் அதற்குத் தலைமையேற்றனர். அது இன்று அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி. பள்ளிப்படிப்பை முடித்த மாணவர்கள் அங்கே பட்டப்படிப்பில் சேர்கின்றனர். உளிப்பயிற்சியைப் பதினெட்டு வயதிலும் தொடங்க முடிந்தது. பிள்ளைப் பருவத்திலேயே தொடங்க வேண்டிய கூத்துப் பயிற்சிக்கு அந்த வழி பொருந்தவில்லை.

சங்கமும் குருகுலமும்

ராஜகோபால் 1953-ல் பிறந்தவர். கூத்துக் குடும்பத்தைச் சேர்ந்த அவர் பத்து வயதில் தந்தை பொன்னுசாமியின் குழுவில் ஆடத் தொடங்கினார். பள்ளிப்படிப்பு அதன்பின் தொடரவில்லை. பிற்காலத்தில் பெருங்கட்டூர் பொன்னுசாமி நாடக மன்றத்தை அவரே நடத்தினார். நெதர்லாந்தைச் சேர்ந்த ஹன்னே டி ப்ரூயின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் கட்டைக்கூத்து குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்தவர். ராஜகோபாலை மணந்து காஞ்சிபுரம் பகுதியிலேயே வாழ்ந்தார்.

1990-ல் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கப்பட்டது. தனித்தனிக் குழுக்களாக, ஊர்களின் அச்சாரத்தை நம்பித் தொழில் செய்துவந்த கலைஞர்களுக்கு அது ஒரு பொது மேடையாக அமைந்தது. கூத்து விழாக்களும் பயிற்சிகளும் சங்கத்தின் பணிகளாயின. அடுத்த தலைமுறை எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கான விடையாக 2002-ல் குருகுலம் உருவானது.

சென்னையில் 1977-ல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையிலிருந்து இது வேறுபட்டது. புரிசை கண்ணப்ப தம்பிரான் போன்ற கிராமத்து ஆசிரியர்களிடம் நகரத்து நவீன நடிகர்கள் கூத்தைக் கற்றது கூத்துப்பட்டறையின் வழி. குருகுலமோ கிராமத்துப் பிள்ளைகளைக் கிராமத்து மேடைக்கே ஆயத்தம் செய்தது.

பயிற்சி முறை

குருகுலத்தின் ஒரு நாள் இரண்டு படிப்புகளுக்கும் இடம்தரும்படி பகுக்கப்பட்டது. காலையிலும் மாலையிலும் கூத்துப் பயிற்சி. இடைப்பட்ட பகலில் பள்ளி வகுப்பு. பாட்டு, வசனம், அடவு, வேடம் கட்டுதல் ஆகியவற்றுடன் ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், முகவீணை ஆகிய கருவிகளும் கற்பிக்கப்பட்டன. ஒரே மாணவர் ஆடவும், பின்பாட்டுப் பாடவும், கருவி வாசிக்கவும் பழகினார். கூத்துக்குழுவில் எவரும் ஒரே வேலையோடு நிற்பதில்லை என்பதால் இது தொழிலுக்கு இன்றியமையாத பயிற்சி.

பழைய முறையில் மாணவன் ஆசிரியரின் ஆட்டத்தைப் பார்த்தே கற்றான். தவறினால் மேடையிலேயே திருத்தம். குருகுலத்தில் பாடம் படிப்படியாகப் பிரித்துச் சொல்லித்தரப்பட்டது. ஆனால் மேடை அனுபவம் கைவிடப்படவில்லை. மாணவர்கள் பார்வையாளர் முன் ஆடினர். கட்டியக்காரனின் நகைச்சுவை போன்றவை கூட்டத்தின் எதிர்வினையைக் கேட்டுத்தான் கைவரும். அதை வகுப்பறையில் கற்பிக்க இயலாது.

பெண்கள்

கட்டைக்கூத்துக் குழுக்கள் நெடுங்காலம் ஆண்களால் ஆனவை. திரௌபதி முதலிய ஸ்திரீ வேடங்களையும் ஆண்களே கட்டினர். குருகுலம் சிறுமிகளைச் சேர்த்துக்கொண்டது. அவர்களைப் பெண் வேடங்களோடு நிறுத்தவும் இல்லை. துரியோதனன், துச்சாதனன், கர்ணன் போன்ற கட்டை வேடங்களுக்கான குரலையும் அடவையும் அவர்கள் கற்றனர்.

பயிற்சி பெறுவதை விடவும் தொழிலில் நிலைப்பது பெண்களுக்குக் கடினமாக இருந்தது. இரவு முழுவதும் வெளியூரில் ஆடுவதும், விடியற்காலையில் திரும்புவதும், வேடம் மாற்ற மறைவிடம் இல்லாததும் ஆண்களுக்கென அமைந்த தொழிலின் இயல்புகள். திருமணத்துக்குப் பின் ஆடுவது கணவர் வீட்டாரின் இசைவைப் பொறுத்ததாயிற்று. இத்தடைகளுக்கு நடுவிலும் இங்கே பயின்ற பெண்கள் தொழில்முறை மேடைக்கு வந்தனர். பெண்கள் மட்டுமே கொண்ட கூத்துக்குழுவும் அவர்களால் உருவானது.

2017-ல் அரங்கேறிய 'கர்நாடிக் கட்டைக்கூத்து' நிகழ்ச்சியில் கர்நாடக இசைக்கலைஞர்கள் சங்கீதா சிவகுமார், டி.எம். கிருஷ்ணா ஆகியோருடன் ராஜகோபாலும் குருகுலத்தில் பயின்ற இளம் கலைஞர்களும் ஆடினர். பகடை துகில், பதினெட்டாம் போர் ஆகிய கூத்துகளின் பகுதிகள் அதில் இடம்பெற்றன. சபா மேடையும் கூத்து மேடையும் சமநிலையில் சந்தித்த முயற்சி என்ற வகையில் அது பேசப்பட்டது.

நிறைவு

பதினெட்டு ஆண்டுகள் இயங்கிய குருகுலம் 2020-ல் மூடப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில் தொடங்கிய ஊரடங்கு, கோயில் விழாக்களை நம்பிய கூத்துப் பருவத்தையும் நிறுத்தியது. சங்கம் அதன்பின்னும் செயல்பட்டுவருகிறது. ஆனால் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் தங்கிக் கற்கும் முறை முடிவுக்கு வந்தது.

வரலாற்று இடம்

கூத்து பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலும் பிரதி, சடங்கு, ஆட்டமுறை ஆகியவையே பேசப்பட்டன. ஆல்ஃப் ஹில்ட்பெய்ட்டலின் திரௌபதி வழிபாடு பற்றிய நூல் 1988-லும், ரிச்சர்ட் ஃப்ராஸ்காவின் பாரதக்கூத்து பற்றிய நூல் 1990-லும் வெளிவந்தன. கூத்தாடுபவரின் பிள்ளை என்ன படிக்கும் என்ற கேள்வியை ஒரு நிறுவனமாகவே எழுப்பியது குருகுலத்தின் தனித்தன்மை.

கல்வியையும் கூத்தையும் ஒரே பிள்ளை ஒரே நாளில் கற்க முடியும் என்பதையும், கட்டை வேடம் ஆணின் உடலுக்கு மட்டும் உரியதல்ல என்பதையும் அது நடைமுறையில் காட்டியது. அதற்கு முழுநேர ஆசிரியர்களும், தங்குமிடமும், உணவும், பிள்ளையைப் பல ஆண்டுகள் ஒப்படைக்கும் பெற்றோரும் தேவைப்பட்டனர். பழைய முறையில் இச்செலவைக் குழுவும் குடும்பமும் சுமந்தன; பிள்ளை தன் படிப்பைக் கொடுத்தது. குருகுலம் அந்த விலையைப் பிள்ளையிடம் கேட்கவில்லை. இன்று பாரத விழா மேடைகளில் அங்கே பயின்றவர்கள், குழுக்களில் வளர்ந்த மூத்த கலைஞர்களோடு சேர்ந்து ஆடுகிறார்கள்.