யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸை கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லையா? புதுசு வாங்கும் முன் இதையெல்லாம் பாருங்க!

வீட்டிலிருந்தே டப்பிங் பேசுபவர்கள், பாட்காஸ்ட் செய்பவர்கள், ஆன்லைனில் பாட்டு வகுப்பு எடுப்பவர்கள் என பலருக்கும் இன்று சோறு போடுவது மேஜை மேல் இருக்கும் ஒரு சின்னப் பெட்டிதான். ஆடியோ இன்டர்ஃபேஸ் எனப்படும் அந்தப் பெட்டி, மைக்கில் வரும் சத்தத்தை டிஜிட்டலாக மாற்றி யுஎஸ்பி கேபிள் வழியாக கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறது. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட், பெரிங்கர், ஸ்டெயின்பெர்க், மோட்டு, ஆடியன்ட் என பல நிறுவனங்கள் இதைத் தயாரிக்கின்றன.

நேற்று வரை ஒழுங்காக ஓடிய இந்தப் பெட்டி, இன்று சொருகினால் கம்ப்யூட்டரில் தெரியவே இல்லை. மாலைக்குள் ஆடியோ அனுப்ப வேண்டும். இந்த அவசரத்தில் பலர் செய்வது இரண்டு விஷயம்: ஒன்று, கண்ணில் பட்ட டிரைவரையெல்லாம் டவுன்லோடு செய்வது. இரண்டு, பெட்டி போய்விட்டது என்று முடிவு கட்டி புதிதாக ஆர்டர் போடுவது. இரண்டுமே பெரும்பாலும் தேவையில்லை. எங்கே தடைபடுகிறது என்று முறையாகத் தேடினால், பல நேரங்களில் செலவே இல்லாமல் சரிசெய்துவிடலாம்.

லைட் எரியுதே, அப்புறம் என்ன பிரச்னை?

பலரும் ஏமாறும் இடம் இதுதான். சாதாரண யுஎஸ்பி 2.0 கேபிளுக்குள் 4 கம்பிகள் இருக்கும். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவல் பரிமாற்றத்துக்கு. மின்சாரக் கம்பிகள் நன்றாக இருந்தாலே பெட்டியில் லைட் எரிந்துவிடும். தகவல் கம்பி அறுந்திருந்தாலோ, அந்தக் கம்பியே இல்லாத 'சார்ஜிங் மட்டும்' கேபிளாக இருந்தாலோ, கம்ப்யூட்டருக்கு எதுவும் தெரியாது.

பெட்டியைச் சொருகியதும் கம்ப்யூட்டர் முதலில் கேட்பது, "நீ யார்?" என்ற கேள்வியைத்தான். பெட்டி தன் தயாரிப்பாளர் எண், மாடல் எண், தான் என்ன வேலை செய்யும் என்ற விவரங்களைச் சொல்ல வேண்டும். அதன் பிறகே அதற்கான டிரைவர் எழும்பும், சவுண்ட் செட்டிங்ஸில் பெயர் வரும், ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் அதைப் பயன்படுத்தும். இந்த வரிசையில் எந்த இடத்தில் நின்றுபோனது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

முதலில் கேபிள், அடுத்து போர்ட்

வேறு கேபிள் போட்டுப் பாருங்க. பெட்டியோடு வந்த கேபிள் இருந்தால் அதுவே நல்லது. டைப் சி முனை இருக்கிறது என்பதற்காக, போன் சார்ஜர் கேபிள் எல்லாமே தகவலைக் கடத்தும் என்று நம்ப முடியாது. பிரிண்டருக்குப் பயன்படும் சதுர முனை கேபிள்தான் உங்கள் பெட்டிக்கும் என்றால், பிரிண்டர் கேபிளையே கழற்றி சோதிக்கலாம். யுஎஸ்பி 2.0 கேபிளின் அதிகபட்ச நீளம் 5 மீட்டர். எக்ஸ்டென்ஷன் போட்டு நீட்டியிருந்தால் அதை எடுத்துவிடுங்க.

அடுத்து போர்ட். ஹப், டாக், மானிட்டரில் உள்ள யுஎஸ்பி துளை எல்லாவற்றையும் தவிர்த்து, நேரடியாக கம்ப்யூட்டரில் சொருகிப் பார்க்க வேண்டும். டெஸ்க்டாப் என்றால் முன்பக்கத் துளையைவிட, மதர்போர்டிலேயே உள்ள பின்பக்கத் துளை நம்பகமானது. அந்தத் துளை வேலை செய்கிறதா என்பதை ஒரு பென் டிரைவ் போட்டு உறுதி செய்துகொள்ளலாம்.

கரண்ட் போதுமா?

தனி அடாப்டர் இல்லாத பெட்டிகள், கம்ப்யூட்டர் தரும் மின்சாரத்தை நம்பித்தான் ஓடுகின்றன. யுஎஸ்பி 2.0 போர்ட் ஒரு சாதனத்துக்கு 500 மில்லிஆம்பியர் வரை தரும். யுஎஸ்பி 3.0 போர்ட் 900 மில்லிஆம்பியர் வரை தரும். அடாப்டர் இல்லாத ஹப் ஒன்றில் மவுஸ், கீபோர்டு, ஹார்டு டிஸ்க்கோடு இதையும் சேர்த்துச் சொருகினால், எல்லாமே அந்த ஒரு போர்ட்டின் மின்சாரத்தைத்தான் பங்கு போடும்.

கண்டென்சர் மைக்குக்கான 48 வோல்ட் பட்டனை அழுத்தியதும் பெட்டி காணாமல் போகிறது என்றால், மின்சாரம் பற்றாக்குறையாக இருக்க வாய்ப்பு அதிகம். பட்டனை அணைத்துவிட்டு சொருகுங்க. பெயர் வந்த பிறகு ஆன் செய்து பாருங்க. தனி அடாப்டரோடு வரும் பெரிய மாடல்கள் என்றால், அடாப்டர் சொருகியிருக்கிறதா, பவர் பட்டன் ஆனில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஷட்டவுன் வேண்டாம், ரீஸ்டார்ட் கொடுங்க

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன், வரல" என்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதி ஆனில் இருந்தால், ஷட்டவுன் கொடுத்தாலும் சிஸ்டத்தின் மையப் பகுதியும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே சேமிக்கப்பட்டு, மறுபடி ஆன் செய்யும்போது அப்படியே திரும்ப வரும். கோளாறும் கூடவே வரலாம். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். பெட்டியைக் கழற்றிவிட்டு ரீஸ்டார்ட் கொடுத்து, திரை வந்த பிறகு சொருகுங்க.

டிவைஸ் மேனேஜர் என்ன சொல்கிறது?

இதுவரை சரியாகவில்லை என்றால், விண்டோஸில் அடுத்து பார்க்க வேண்டிய இடம் டிவைஸ் மேனேஜர். ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்தால் அந்தப் பட்டியலிலேயே இருக்கும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு பெட்டியைச் சொருகுங்க, கழற்றுங்க. பட்டியலில் ஏதாவது அசைகிறதா?

எந்த மாற்றமும் இல்லை என்றால், தகவலே கம்ப்யூட்டரை எட்டவில்லை. கேபிள், போர்ட், பெட்டி மூன்றில் ஒன்றில்தான் கோளாறு. இந்த நிலையில் டிரைவரை எத்தனை முறை மாற்றினாலும் பலன் இருக்காது.

மஞ்சள் முக்கோணத்தோடு ஏதாவது வந்தால், அதை டபுள் கிளிக் செய்து 'டிவைஸ் ஸ்டேட்டஸ்' பெட்டியில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்க.

கோடு 10: சாதனத்தைத் தொடங்க முடியவில்லை. டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி போட்டுப் பார்க்கலாம்.

கோடு 22: சாதனம் டிசேபிள் செய்யப்பட்டுள்ளது. ரைட் கிளிக் செய்து 'எனேபிள்' கொடுத்தால் போதும்.

கோடு 28: டிரைவர் நிறுவப்படவில்லை. தயாரிப்பாளரின் டிரைவரைப் போட வேண்டும்.

கோடு 39: டிரைவரை ஏற்ற முடியவில்லை. ஃபைல் பழுதாகியிருக்கலாம். விண்டோஸ் பாதுகாப்பில் உள்ள 'மெமரி இன்டெக்ரிட்டி' வசதி பழைய டிரைவரைத் தடுத்திருக்கவும் வாய்ப்புண்டு. அந்தப் பாதுகாப்பை அணைப்பதைவிட புதிய டிரைவரைத் தேடுவதே நல்லது.

கோடு 43: சாதனம் கோளாறு தெரிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது. 'அன்னோன் யுஎஸ்பி டிவைஸ்' என்று வருவதும் பெரும்பாலும் இந்த எண்ணோடுதான்.

இன்னொரு உபயோகமான துப்பும் உண்டு. அதே ஜன்னலில் 'டீட்டெய்ல்ஸ்' பகுதிக்குப் போய் 'ஹார்டுவேர் ஐடி' என்பதைத் தேர்வு செய்தால், 'விஐடி' என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் 4 இலக்கம் இருக்கும். அது தயாரிப்பாளரின் எண். உதாரணமாக, ஃபோகஸ்ரைட் என்றால் 1235. சரியான எண் வந்திருந்தால் பெட்டி தன் பெயரைச் சொல்லிவிட்டது, கேபிள் வழியாகப் பேச்சு நடக்கிறது. இனி டிரைவரைப் பார்க்கலாம். 0000 என்று இருந்தால் "நீ யார்?" என்ற கேள்விக்கே பதில் வரவில்லை என்று அர்த்தம். மறுபடியும் கேபிளுக்கும் போர்ட்டுக்கும்தான் போக வேண்டும்.

டிரைவரை எப்படிப் போடுவது?

பல ஆடியோ பெட்டிகள் 'யுஎஸ்பி ஆடியோ கிளாஸ் 2' என்ற பொது விதிமுறையைப் பின்பற்றுகின்றன. இதற்கான டிரைவர் விண்டோஸிலேயே வரத் தொடங்கியது 2017ல் வெளியான விண்டோஸ் 10ன் 1703 பதிப்பிலிருந்துதான். அதற்கு முந்தைய விண்டோஸில் தயாரிப்பாளரின் டிரைவர் இல்லாமல் இத்தகைய பெட்டிகள் வேலை செய்யாது. புதிய விண்டோஸிலும், தாமதமில்லாமல் ரெக்கார்டு செய்ய உதவும் ஏசியோ டிரைவர் தேவைப்படுவோர், தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து அதைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

வரிசை முக்கியம். முதலில் பெட்டியைக் கழற்ற வேண்டும். பழைய டிரைவரை ஆப்ஸ் பட்டியலில் இருந்து நீக்க வேண்டும். ரீஸ்டார்ட் செய்து, புதிய டிரைவரை நிறுவ வேண்டும். அது கேட்கும்போது மட்டும் பெட்டியைச் சொருக வேண்டும்.

'ஏசியோ ஃபார் ஆல்' போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வதுண்டு. அது ஏற்கெனவே உள்ள விண்டோஸ் டிரைவர் மேல் உட்கார்ந்து வேலை செய்யும் ஒரு அடுக்குதான். விண்டோஸுக்கே பெட்டி தெரியவில்லை என்றால், அதனால் எதுவும் செய்ய முடியாது.

ஸ்னாப்டிராகன் சிப் உள்ள புதிய விண்டோஸ் லேப்டாப் வாங்கியவர்களும் கவனிக்க வேண்டும். இன்டெல், ஏஎம்டி கம்ப்யூட்டருக்கான டிரைவர் அதில் ஓடாது. ஆர்ம் சிப்புக்கென தனியாக எழுதிய டிரைவர் இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் பார்க்க வேண்டும்.

நடுவில் நடுவில் துண்டிக்கப்படுகிறதா?

சொருகியதும் வேலை செய்து, சிறிது நேரத்தில் காணாமல் போனால், மின்சாரத்தை மிச்சப்படுத்தும் வசதி காரணமாக இருக்கலாம். 'பவர் ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதை அணைத்துப் பாருங்க.

ஏஎம்டி 500 வரிசை சிப்செட் உள்ள டெஸ்க்டாப் என்றால் இன்னொரு காரணமும் உண்டு. யுஎஸ்பி இணைப்பு விட்டுவிட்டு வருவதை 2021 பிப்ரவரியில் ஏஎம்டி நிறுவனமே ஒப்புக்கொண்டு, பிறகு பயாஸ் அப்டேட் மூலம் திருத்தம் கொண்டுவந்தது. அன்று முதல் பயாஸை அப்டேட் செய்யாதவர்கள், மதர்போர்டு நிறுவனத்தின் தளத்தில் புதிய பதிப்பைப் பார்க்கலாம்.

மேக் வைத்திருப்பவர்கள் என்ன செய்யணும்?

ஆப்ஷன் பட்டனை அழுத்திக்கொண்டு ஆப்பிள் மெனுவைத் திறந்தால், 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' வரும். அதில் யுஎஸ்பி பகுதியில் பெட்டியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்க. இல்லையென்றால் கேபிள், போர்ட்.

ஆப்பிள் சிலிக்கான் மேக்புக்குகளில், மேக்ஓஎஸ் வென்சுரா முதல், புதிய சாதனத்தைச் சொருகும்போது அனுமதி கேட்கப்படுகிறது. அவசரத்தில் மறுத்திருந்தால் பெட்டிக்கு கரண்ட் வரும், இணைப்பு வராது. 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதியில் இதை மாற்றலாம். தனி டிரைவர் தேவைப்படும் பெட்டி என்றால், அந்த டிரைவருக்கும் சிஸ்டம் செட்டிங்ஸில் அனுமதி கொடுக்க வேண்டியிருக்கலாம்.

பெயர் தெரியுது, ஆனா சத்தம் வரல!

இது வேறு பிரச்னை. பெட்டி நன்றாகவே இருக்கிறது. சவுண்ட் செட்டிங்ஸில் இன்புட், அவுட்புட் இரண்டிலும் அதைத் தேர்வு செய்திருக்கிறீர்களா? விண்டோஸில் மைக் அனுமதிப் பகுதியில், டெஸ்க்டாப் ஆப்களுக்கும் அனுமதி இருக்கிறதா? மேக்கிலும் ஒவ்வொரு ஆப்புக்கும் தனியாக மைக் அனுமதி தேவை. ரெக்கார்டிங் சாஃப்ட்வேரைத் திறந்த பிறகு பெட்டியைச் சொருகியிருந்தால், சாஃப்ட்வேரை மூடித் திறக்க வேண்டியிருக்கலாம்.

செல்போனில் சொருகினால்?

ஆண்ட்ராய்டில் யுஎஸ்பி ஆடியோ வசதி 2014ல் வந்த 5.0 பதிப்பிலிருந்து உள்ளது. ஆனால் ஒப்போ, ரியல்மி, ஒன்பிளஸ் போன்றவற்றின் சில மாடல்களில், செட்டிங்ஸில் 'ஓடிஜி' வசதியை நாமே ஆன் செய்ய வேண்டும். பயன்படுத்தாமல் விட்டால் சிறிது நேரத்தில் அதுவே அணைந்துவிடும். லைட்னிங் துளை உள்ள பழைய ஐபோன்களில், சார்ஜரையும் சேர்த்துச் சொருகும் வசதியுள்ள ஆப்பிளின் கேமரா அடாப்டர் பயன்படும். 'அதிக மின்சாரம் தேவைப்படுகிறது' என்ற அறிவிப்பு வந்தால், பெட்டி பழுது என்று நினைக்க வேண்டாம். சார்ஜர் வழியாகவோ, அடாப்டர் உள்ள ஹப் வழியாகவோ கரண்ட் கொடுத்துப் பாருங்க.

எதைச் செய்யவே கூடாது?

எல்லா டிரைவரையும் தானே கண்டுபிடித்துப் போடும் என்று விளம்பரம் செய்யும் சாஃப்ட்வேர்களை நம்பி டவுன்லோடு செய்ய வேண்டாம். தவறான டிரைவரோ, வைரஸோ வந்து சேரலாம். ஃபர்ம்வேர் அப்டேட் ஓடும்போது கேபிளைப் பிடுங்கக் கூடாது; நன்றாக இருந்த பெட்டியே முடங்கிவிட வாய்ப்புண்டு. வாரன்டி உள்ள பெட்டியின் ஸ்குரூவைக் கழற்றினால், இலவசமாகக் கிடைக்க வேண்டிய சர்வீஸ் கிடைக்காமல் போகலாம். கருகிய வாடை வந்தாலோ, பெட்டி அளவுக்கு மீறிச் சுட்டாலோ உடனே கழற்றிவிட்டு, மறுபடி சொருகாமல் இருப்பதே பாதுகாப்பு.

எப்போது சர்வீஸ் சென்டர் போகணும்?

கடைசி முடிவைச் சொல்லும் சோதனை ஒன்றே. பெட்டியை, நன்றாக வேலை செய்யும் என்று தெரிந்த கேபிளோடு வேறொரு கம்ப்யூட்டரில் சொருகுங்க. அங்கே பெயர் வந்தால், கோளாறு உங்கள் கம்ப்யூட்டரில். பெட்டிக்குப் பணம் செலவு செய்ய வேண்டாம். அங்கேயும் வரவில்லை, போர்ட்டும் நல்ல போர்ட் என்றால், பெட்டியில்தான் பிரச்னை. துளைக்குள் கேபிள் ஆடுகிறதா என்றும் பாருங்க. போர்ட் தளர்ந்துபோனது மட்டும்தான் குறை என்றால், அதை மட்டும் மாற்றித் தரும் சர்வீஸ் கடைகளும் உண்டு.

சர்வீஸுக்குப் போகும்போது பில், மாடல் பெயர், சீரியல் நம்பர், டிவைஸ் மேனேஜரில் வந்த கோடு எண், எந்தெந்த கம்ப்யூட்டரில் சோதித்தீர்கள் என்ற விவரம் ஆகியவற்றை எழுதி எடுத்துச் செல்லுங்க. "கேபிள் மாத்திப் பாத்தீங்களா?" என்ற முதல் கேள்விக்கு கையில் பதில் இருந்தால், அலைச்சல் பாதியாகக் குறையும்.