றோன் நதியும் ஆர்ல் நகரமும்

பிரான்சு நாட்டின் தென்பகுதியில் றோன் என்னும் பெருநதி இரு கிளைகளாகப் பிரிந்து மத்தியதரைக் கடலை நாடுகின்றது. அது பிரியுமிடத்தை அடுத்து, கடலிலிருந்து 40 கிலோமீற்றருக்கு மேல் உள்ளே, ஆர்ல் நகரம் அமைந்துள்ளது. கடற்கலங்கள் நீரோட்டத்தை எதிர்த்து ஏறிவந்து இங்கே பொருள்களை இறக்கின. தட்டையான ஆற்றுப்படகுகள் அவற்றை ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுசென்றன. கடலுக்கும் நதிக்கும் இடையே தரகு செய்தமையே இந்நகரத்தாரின் பிழைப்பு எனலாம்.

இதன் பெருவாழ்வு ஒரு போரினால் வந்தது. கி. மு. 49ஆம் ஆண்டில் யூலியசு சீசருக்கும் பொம்பேக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டது. கிரேக்கர் நிறுவிய பழந்துறைமுகமாகிய மார்செய் சீசருக்கு வாயிலை அடைத்தது. அதனை முற்றுகையிடச் சீசருக்குக் கப்பல்கள் வேண்டியிருந்தன. காட்டில் மரம் வெட்டிய நாள் தொடக்கம் 30 நாட்களுக்குள், ஆர்ல் நகரிலே 12 போர்க்கப்பல்கள் கட்டி முடிக்கப்பெற்றன. மார்செய் பணிந்தது, அதன் நிலங்களிற் பெரும்பகுதி ஆர்ல் வசமாயிற்று. கி. மு. 46இல் சீசரின் பழைய போர்வீரர்கள் இங்கே குடியேற்றப்பட்டனர். அயலவன் இழந்ததைக் கொண்டே ஆர்ல் செழித்தது என்பதை மறைத்துப் பேசுவதிற் பயனில்லை.

செழிப்பின் சின்னமாக, முதலாம் நூற்றாண்டின் இறுதியில், ஏறத்தாழ 20,000 பேர் அமரத்தக்க வட்டரங்கு எழுந்தது. மனிதரும் விலங்கும் மாய்வதைக் கண்டு களித்த இடம் அது. றோமப் பேரரசு சிதைந்தபின் அச்சமே மக்களை அவ்வரங்கினுள் துரத்தியது. வளைவுகளை அடைத்து, காவற் கோபுரங்கள் எழுப்பி, உள்ளே 200க்கு மேற்பட்ட வீடுகளையும் இரு சிற்றாலயங்களையும் கட்டிக்கொண்டனர். இடிந்த மாளிகையிற் குருவி கூடு கட்டியதுபோல, அரங்கே ஊராயிற்று! பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான் அவ்வீடுகள் அகற்றப்பட்டன.

அதே நூற்றாண்டு துறைமுகத்தையும் மெலியச் செய்தது. நதிமுகத்தில் மணல்மேடுகள் தடுத்தமையால், கப்பல்கள் காற்றையும் வெள்ளத்தையும் எதிர்பார்த்துக் காத்துக்கிடப்பது பழைய தொல்லை. அதனைத் தவிர்க்க வெட்டிய கால்வாய் 1834இல் நிறைவெய்தியது. ஆயின், அதன்பின் புகையிரதம் ஆர்லுக்கு வந்தது. மார்செயில் இறங்கிய சரக்கு ஆற்றை நாடாமலே வடக்கே விரைந்தது. படகோட்டிகளின் தொழில் நலிந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளின் பின் மார்செய் பழிதீர்த்துக்கொண்டது போலும். எனினும், அப்புகையிரதத்தின் வேலைத்தளங்களே 1984 வரை நகரத்தவர் பலருக்குச் சோறளித்தன.

1888இல் ஒல்லாந்த ஓவியர் வான் கோ இங்கே வந்தபோது, துறையில் நிலக்கரி இறக்குவோரை மாலைச் செவ்வொளியிலே தீட்டினார். சுமார் 15 மாதங்களில் ஏறத்தாழ 200 ஓவியங்கள் வரைந்த அவரை, சித்தம் கலங்கியவரென்று அயலார் மனுக்கொடுத்து அடைக்கச் செய்தனர். இன்று அவர் பெயரைச் சொல்லியே உல்லாசப் பிரயாணிகளை வரவேற்கின்றனர்.

பழைய துறையின் கதையை நதி தன் சேற்றிலே காத்துவைத்திருந்தது. 2004இல் ஆற்றடியில் ஒரு றோமப் படகு கண்டுபிடிக்கப்பட்டு, 2011இல் மேலே கொணரப்பட்டது. 31 மீற்றர் நீளமுள்ள அப்படகு கட்டடக் கற்களின் சுமையுடனேயே மூழ்கியிருந்தது. படகோட்டிகள் சமைத்துண்ட அடுப்பும் அதனுள் இருந்தது. ஒரு பெருஞ்சாடியின் உடைந்த பகுதியை அவர்கள் அடுப்பாக்கியிருந்தனர்.