தேயிலைத் தோட்டத்துக்கு வந்த ஓவியர்

தொழிலாளர் போராட்டங்களின் வரலாற்றைச் சங்க அறிக்கைகளிலும் விசாரணைப் பதிவுகளிலும் தேடுவதே நம் வழக்கம். ஓவியரின் குறிப்பேட்டிலும் அதனைக் காணலாம் என்பதற்கு வங்காளம் சான்று.

1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் அங்கே இலட்சக்கணக்கானோர் மாண்டனர். கல்கத்தா வீதிகளில் விழுந்து கிடந்தோரை மலிவான தாளில் கறுப்பு மையால் வரைந்தார் ஸைனுல் ஆபிதீன். மிதுனாப்பூர் மாவட்டத்தில் ஊர் ஊராக அலைந்து வரைந்தவர் சித்தபிரசாத். அவரது ‘பசித்த வங்காளம்’ என்ற சிறுநூலின் ஏறத்தாழ 5000 பிரதிகளை ஆங்கில அரசு கைப்பற்றி எரித்தது. பசியை மறைக்க விரும்பிய ஆட்சிக்குச் சித்திரமும் ஒரு சாட்சியாகவே தெரிந்தது.

அந்தச் சித்தபிரசாத்தின் தூண்டுதலால் வரையத் தொடங்கியவர், சிட்டகாங்கில் பிறந்த சோம்நாத் ஹோர் (1921–2006). 1946 இறுதியில் அவர் ரங்பூர் சென்றார். விளைச்சலில் பாதி போதாது, மூன்றில் இரண்டு பங்கு வேண்டுமெனக் குத்தகை விவசாயிகள் கேட்ட ‘தேபாகா’ இயக்கம் அப்போது நடந்துகொண்டிருந்தது. அவர்களின் கூட்டங்களையும் அறுவடையையும் நாட்குறிப்பாகவும் கோட்டோவியமாகவும் பதிந்தார். பின்னர் அவற்றிலிருந்து மரச்செதுக்கு அச்சுகளும் பிறந்தன. ஒரு பலகையைச் செதுக்கினால் பல படிகள் எடுக்கலாம். எழுத்தறியாதவரும் பார்த்து விளங்கிக்கொள்வர். இயக்கத்துக்கு அக்கலை உகந்ததாக இருந்ததற்குக் காரணம் இதுவே.

1947இல் ஹோர் வட வங்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கும் சென்றார். சங்கமாகத் திரண்ட தொழிலாளரை அங்கும் எழுதினார், வரைந்தார். மலையகத்தவராகிய நம்மை இச்செய்தி உறுத்த வேண்டும். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில், வேலைநிறுத்த காலத்துப் பொலிஸ் துப்பாக்கிச்சூட்டில் கோவிந்தன் உயிரிழந்தார். அவர் பெயரை அறிந்த நம் பிள்ளைகள் எத்தனை பேர்? அறிந்தவர் மனத்திலும் அவருக்கு ஒரு முகம் உண்டா?

இன்று ஹற்றன் மண்ணின் ஹனுஷா சோமசுந்தரம் போன்றோர் தேயிலைப் பைகளையே ஓவியப் பொருளாக்கித் தோட்டத்து வாழ்வைப் பேசுகின்றனர். அது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் கண்காட்சி மண்டபத்துக்குப் போகும் சித்திரம் லயத்துக்கும் திரும்பி வரவேண்டும். கொழுந்து பறிப்பவர் தம்மை அதில் கண்டு, தம் கோரிக்கையைப் பற்றிப் பேசத் தொடங்கும்போதுதான் அதன் பணி நிறைவேறும். அதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. சித்திரப் பாடவேளையில் தோட்டத்துப் பாட்டிமார் சொல்லும் பழைய வேலைநிறுத்தக் கதைகளைப் பிள்ளைகள் வரையட்டும். வாசிகசாலைச் சுவரில் அவற்றை ஒட்டுவோம்.