அரிசி மூட்டையும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸும்

1767 செப்டம்பர் 3. செங்கம் கணவாயில் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கிழக்கிந்தியக் கும்பினிப் படையை ஹைதர் அலியும் ஐதராபாத் நிஜாமும் கூட்டாக மறித்தார்கள். சண்டையில் ஜெயித்தவர் ஸ்மித்தான். ஆனால், அவருடைய அரிசி ஹைதரின் குதிரைப் படையிடம் பறிபோனது. ஜெயித்த படை சோற்றைத் தேடித் திருவண்ணாமலைக்கு விரைந்தது. கர்னல் உட்டின் படை வந்து சேர்ந்த பிறகுதான் ஸ்மித்துக்குத் தெம்பு வந்தது.

செப்டம்பர் 26-ல் திருவண்ணாமலை அருகே மறுபடி மோதல். ஸ்மித் பின்வாங்குவதாக எதிரணி தப்புக்கணக்குப் போட்டது. குன்று மறைத்திருந்த படை எதிரே வந்து நின்றபோது காலம் கடந்திருந்தது. தோற்ற நிஜாம் அடுத்த ஆண்டே கும்பினியோடு சமாதானமாகிவிட்டார்.

தீனி, உளவு, நேரம். படையின் தலைவிதியை எழுதிய இந்த மூன்றையும் கம்ப்யூட்டர் திரைக்குக் கொண்டுவந்தவை ‘ரியல் டைம் ஸ்ட்ராட்டஜி’ விளையாட்டுகள். 1992-ல் வந்த ‘டூன் 2’ அச்சு வார்த்துக் கொடுத்தது. 1997-ல் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’, 1999-ல் அதன் இரண்டாம் பாகம். நம் பிரவுசிங் சென்டர்களில் பள்ளிப் பிள்ளைகள் காசு சேர்த்து ஆடியது இதைத்தான்.

இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் கையில் இருப்பது மூன்று குடியானவர்களும் 200 உணவும். இன்னொரு குடியானவர் வேண்டுமென்றால் 50 உணவு செலவாகும். ஆடு தீர்வதற்குள் வயல் போட வேண்டும். வயலுக்கு மரம் வெட்ட வேண்டும். நாம் போகாத இடமெல்லாம் இருட்டு. அந்த இருட்டுக்குள் எதிரியும் இதே வேலையில் இருப்பார். முறை வரும்வரை காத்திருக்க இது சதுரங்கம் இல்லை.

இத்தனையையும் ஒரே நேரத்தில் கவனிக்கும் சுமைதான் இந்த ஆட்டத்துக்கு வினையாயிற்று. 2002-ல் வந்த ‘வார்கிராஃப்ட் 3’-ஐ வைத்து ரசிகர்களே ‘டோட்டா’வை உருவாக்கினார்கள். அதில் களஞ்சியமும் இல்லை, குடியானவரும் இல்லை. ஒரே ஒரு வீரரை நடத்தினால் போதும். 2009-ல் ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ அந்த வழியை ராஜபாட்டை ஆக்கியது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸைப் படைத்த என்செம்பிள் நிறுவனம் மூடப்பட்டதும் அதே ஆண்டில்தான். பிறகு ஆட்டம் செல்போனுக்குப் போனது. நூறு பேரை மவுஸால் வளைத்துப் பிடித்து ஏவிய ஆட்டம் கட்டை விரலுக்குள் அடங்கவில்லை. பிள்ளைகள் பப்ஜிக்குப் போனார்கள்.

ஆனாலும் பழைய ஆட்டம் சாகவில்லை. 2022-ல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ல் திராவிடர்கள் சேர்க்கப்பட்டார்கள். சுருள் வாள் வீசும் உருமி வீரர்களோடு ராஜேந்திர சோழனின் படையெடுப்பையே ஆடலாம்.

வீரரை மட்டும் பார்க்கும் கண்ணுக்குச் செங்கம் ஸ்மித்தின் வெற்றி. களஞ்சியத்தையும் பார்க்கும் கண்ணுக்குத்தான் ஜெயித்தவர் ஏன் சோறு தேடி ஓடினார் என்பது விளங்கும். வரலாற்றுப் புத்தகம் போர்களை வெறும் ஆண்டுகளாக மனப்பாடம் செய்ய வைக்கிறது. இந்த ஆட்டம் அவற்றின் கணக்கைக் கற்றுத் தருகிறது. செங்கமும் திருவண்ணாமலையும் நம் பிள்ளைகளுக்குப் புரிய வேண்டுமென்றால், மூன்று குடியானவர்களோடு தொடங்கும் அந்த ஆட்டத்தை அவர்களோடு உட்கார்ந்து ஒருமுறையாவது ஆடுங்கள்.